புகைபோக்கியில் பூத்த பூ

2007ஆம் ஆண்டு ஐரோப்பியப் பத்திரிகைகளில் ஒரு விளம்பரம் வந்தது. கோட்டோவியமாக ஓர் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை. அதன் புகைபோக்கிகளிலிருந்து புகைக்குப் பதிலாகப் பூக்கள் கொத்துக் கொத்தாக வெளியேறிக்கொண்டிருந்தன. எங்கள் ஆலையின் கழிவான கரியமில வாயுவைக் கொண்டு பூ வளர்க்கிறோம், கழிவுக் கந்தகத்தைக் கொண்டு கான்கிரீட் செய்கிறோம் என்பது வாசகத்தின் சாரம். கொடுத்த நிறுவனம் ஷெல்.

பார்த்தவுடன் சுத்தப் புளுகு என்று தோன்றும். ஆனால் அதில் இருந்தது உண்மைத் தகவல். நெதர்லாந்தின் ராட்டர்டாம் துறைமுகத்தை ஒட்டிய பெர்னிஸ் என்ற இடத்தில் ஷெல்லின் சுத்திகரிப்பு ஆலை இருக்கிறது; ஐரோப்பாவின் மிகப் பெரிய ஆலைகளில் ஒன்று. 2005 முதல் அங்கிருந்து கரியமில வாயு, பயன்பாட்டில் இல்லாமல் கிடந்த ஒரு பழைய எண்ணெய்க் குழாய் வழியாகப் பக்கத்து மாவட்டங்களின் கண்ணாடிக் குடில்களுக்குப் போகிறது. தக்காளியும் வெள்ளரியும் பூக்களும் விளையும் குடில்கள். காற்றில் இருப்பதைவிட இரண்டு மடங்கு கரியமில வாயு கிடைத்தால் செடிகளின் ஒளிச்சேர்க்கை விறுவிறுப்பாகும், விளைச்சல் கூடும். முன்பெல்லாம் இந்த வாயுவுக்காகவே, வெப்பம் தேவைப்படாத கோடையிலும் விவசாயிகள் இயற்கை எரிவாயுவை எரித்துவந்தார்கள். குழாய் வந்தபின் அது குறைந்தது. ஆகவே இதில் லாபம் உண்டு. பூமிக்கும் கொஞ்சம் உண்டு.

ஃபிரெண்ட்ஸ் ஆஃப் தி எர்த் என்ற சூழலியல் அமைப்பு பிரிட்டனின் விளம்பரத் தர ஆணையத்தில் புகார் கொடுத்தது. ஷெல் வெளியிடும் கரியமில வாயுவில் எவ்வளவு பூச்செடிக்குப் போகிறது என்பதே கேள்வி. விடை: 0.325 விழுக்காடு. ஆயிரம் கிலோ வெளியேறினால் மூன்றேகால் கிலோ. மீதி தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றாறே முக்கால் கிலோவுக்கு ஓவியத்தில் ஒரு சிறு கோடுகூட இல்லை. அந்த ஆண்டு நவம்பரில் விளம்பரம் தவறான எண்ணத்தைத் தருகிறது என்று ஆணையம் தீர்ப்பளித்தது.

பசுமைப் பூச்சு என்று நாம் சொல்லும் வேலையின் நுட்பம் முழுவதும் இந்த ஒரு வழக்கில் அடங்கியிருக்கிறது. பள்ளிக்கூடத்துப் பின்னக் கணக்கை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். கோட்டுக்கு மேலே தொகுதி, கீழே பகுதி. நிறுவனங்கள் தொகுதியில் பொய் சொல்வது அபூர்வம். பொய் சொன்னால் வழக்கறிஞர்கள் விடமாட்டார்கள். அவை செய்வது, கோட்டுக்குக் கீழே உள்ள எண்ணைத் துணி போட்டு மூடுவது. இத்தனை மரம் நட்டோம், இத்தனை சூரியத் தகடு பதித்தோம், இத்தனை டன் சேமித்தோம். எத்தனையில் இத்தனை? அந்தக் கேள்வியை விளம்பரம் கேட்கவிடாது. எண்ணெய் நிறுவனங்களை எதிர்த்து இந்த முப்பது ஆண்டுகளில் நடந்த போராட்டங்களில் உருப்படியானவை, என் கணிப்பில், அந்தத் துணியை விலக்கியவைதான்.

பூவுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. செடி உறிஞ்சிய கரி செடியிலேயே தங்கிவிடுவதில்லை. ரோஜா ஒரு வாரத்தில் வாடிக் குப்பைக்குப் போகிறது, தக்காளி நம் வயிற்றுக்குப் போகிறது. இரண்டிலிருந்தும் அதே கரி மீண்டும் கரியமில வாயுவாகக் காற்றில் கலக்கிறது. பல கோடி ஆண்டுகள் பாறைக்கு அடியில் கிடந்த கரிக்கு, வானத்துக்குப் போகும் வழியில் சில வாரங்கள் தங்கிச் செல்ல ஒரு சத்திரம் கிடைத்தது, அவ்வளவுதான்.

ஷெல் ஏன் பூ வரையத் தொடங்கியது என்பதற்கு ஒரு வரலாறு இருக்கிறது. 1995 அந்த நிறுவனத்துக்குக் கெட்ட ஆண்டு. வடகடலில் ஷெல்லின் பிரென்ட் ஸ்பார் என்ற ராட்சத எண்ணெய்ச் சேமிப்பு மிதவை பயன் முடிந்து நின்றது. அதை அட்லாண்டிக்கின் ஆழத்தில் மூழ்கடிக்க பிரிட்டிஷ் அரசு அனுமதி கொடுத்திருந்தது. ஏப்ரல் 30 அன்று கிரீன்பீஸ் என்ற சூழலியல் அமைப்பின் ஆட்கள் அதில் ஏறி உட்கார்ந்துகொண்டார்கள். ஜெர்மனியில் வாகன ஓட்டிகள் ஷெல் பெட்ரோல் நிலையங்களைப் புறக்கணித்தார்கள். ஜூன் 20ஆம் தேதி ஷெல் பின்வாங்கியது. மிதவை பின்னர் துண்டுகளாக வெட்டப்பட்டு நார்வேயில் படகுத்துறை ஒன்றுக்கு அடித்தளமானது.

இந்தக் கதையைச் சொல்லும்போது ஒன்றை மறைக்கக் கூடாது. மிதவையில் ஐயாயிரம் டன்னுக்கு மேல் எண்ணெய் இருக்கிறது என்று கிரீன்பீஸ் அறிவித்தது. அது பிழையான மதிப்பீடு; உண்மையான அளவு அதில் மிகச் சிறிய பங்கு என்று தனித் தணிக்கை காட்டியது. அந்த ஆண்டு செப்டம்பரிலேயே கிரீன்பீஸ் ஷெல்லிடம் மன்னிப்புக் கேட்டது. எண்ணைத் தவறவிட்டால் எவரும் கூண்டில் ஏறத்தான் வேண்டும். மன்னிப்புக் கடிதம் எழுத எடுத்துக்கொண்ட காலத்தை மட்டும் இரு தரப்புக்கும் ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

அதே ஆண்டு நவம்பர் 10ஆம் தேதி நைஜீரியாவின் ராணுவ அரசு எழுத்தாளர் கென் சரோ-விவாவையும் அவருடைய தோழர்கள் எட்டுப் பேரையும் தூக்கிலிட்டது. நைஜர் ஆற்றின் கழிமுகத்தில் வாழும் ஒகோனி மக்களின் நிலத்தையும் நீரையும் எண்ணெய்த் தொழில் நாசமாக்குகிறது என்று எழுதியும் திரட்டியும் வந்தவர் அவர். தூக்குத் தண்டனையில் தனக்குப் பங்கில்லை என்று ஷெல் சொன்னது. 2009இல், குற்றத்தை ஏற்காமலே, 1.55 கோடி டாலர் கொடுத்துக் குடும்பங்களோடு வழக்கை முடித்துக்கொண்டது. 2011இல் ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டம் ஒகோனி நிலத்தை ஆய்வு செய்து வெளியிட்ட அறிக்கையை நான் திரும்பத் திரும்பப் படித்திருக்கிறேன். ஓர் ஊரில் மக்கள் குடித்துவந்த கிணற்று நீரில் புற்றுநோய் தரும் பென்சீன் இருந்தது. உலகச் சுகாதார நிறுவனம் அனுமதிக்கும் அளவைப்போல் 900 மடங்குக்கும் மேல். முழுவதையும் தூய்மைப்படுத்த 25 முதல் 30 ஆண்டுகள் ஆகலாம் என்றது அறிக்கை.

மிதவையும் தூக்குமேடையும் ஒரே ஆண்டில் வந்ததும் நிறுவனம் தன் முகத்தைப் பற்றிக் கவலைப்படத் தொடங்கியது. 1998இல் லாபத்தையும் நெறியையும் பற்றிப் பேசும் தன் முதல் சமூகப் பொறுப்பு அறிக்கையை வெளியிட்டது. அதன்பின் வந்ததுதான் பூ.

இதற்கெல்லாம் முன்பே ஷெல்லின் சொந்த ஆய்வாளர்கள் கணக்கைச் சரியாகப் போட்டிருந்தார்கள் என்பது பிற்பாடு தெரியவந்தது. பசுங்குடில் விளைவு குறித்து நிறுவனத்துக்குள் சுற்றுக்கு விட, 1988ஆம் ஆண்டு மே மாதத் தேதியிட்ட ரகசிய அறிக்கை ஒன்றை அவர்கள் எழுதினார்கள். கடல்மட்டம் உயரலாம், வாழும் முறையே மாறவேண்டி வரலாம் என்று அதில் விளக்கமாக இருக்கிறது. இன்னொரு கணக்கும் இருக்கிறது: 1984இல் உலகம் வெளியிட்ட கரியமில வாயுவில் 4 விழுக்காடு, ஷெல் விற்ற எண்ணெய், எரிவாயு, நிலக்கரி ஆகியவற்றிலிருந்து வந்தது. 1991இல் பள்ளிகளுக்கும் கல்லூரிகளுக்கும் காட்டுவதற்காக ஷெல்லே காலநிலை மாற்றத்தைப் பற்றி 28 நிமிடப் படம் ஒன்றும் எடுத்தது; அறிவியல் நோக்கில் அது இன்றும் பெரிதாகப் பழுதில்லை. அதே சமயம், உமிழ்வுக் கட்டுப்பாடுகளை எதிர்க்க எண்ணெய், நிலக்கரி, கார் நிறுவனங்கள் நடத்திய கூட்டமைப்பிலும் 1998 வரை உறுப்பினராக இருந்தது.

விற்றவன் கணக்கில் புகையைச் சேர்ப்பதா, எரித்தவன் கணக்கில் சேர்ப்பதா? இன்றைய சண்டை முழுவதும் இதில்தான். உமிழ்வைக் கணக்கிடுபவர்கள் அதை மூன்று வகையாகப் பிரிக்கிறார்கள். நிறுவனம் தன் ஆலையிலும் கிணற்றிலும் நேரடியாக விடும் புகை முதல் வகை. அது விலைக்கு வாங்கும் மின்சாரத்துக்காக வேறிடத்தில் எழும் புகை இரண்டாம் வகை. விற்ற பொருளை நாம் வண்டியிலும் அடுப்பிலும் எரிக்கும்போது வருவது மூன்றாம் வகை. எண்ணெய் நிறுவனத்துக்கு இந்த மூன்றாம் வகைதான் 90 விழுக்காட்டுக்கும் மேல். எங்கள் செயல்பாடுகளின் உமிழ்வைப் பாதியாகக் குறைக்கிறோம் என்று ஓர் எண்ணெய் நிறுவனம் சொன்னால், செயல்பாடுகள் என்ற சொல் எந்த வகையைக் குறிக்கிறது என்று தேடிப் பாருங்கள். பெரும்பாலும் முதல் இரண்டையும் மட்டும் குறிக்கும். மொத்தத்தில் பத்தில் ஒரு பங்குகூட இல்லாத ஒன்றின் பாதி அது.

மூன்றாம் வகையைத் தொடாமலே தீர்த்துவிட ஒரு வழி கண்டுபிடித்தார்கள். 2019இல் நெதர்லாந்தின் ஷெல் பெட்ரோல் நிலையங்களில் லிட்டருக்கு ஒரு சென்ட் கூடுதலாகக் கொடுத்தால் கார்பன் சமநிலையோடு வண்டி ஓட்டலாம் என்று அறிவிப்பு வந்தது. அந்தக் காசைக் கொண்டு பெருவிலும் இந்தோனேசியாவிலும் காடு காப்பார்கள். உங்கள் புகையை அந்தக் காடு ஈடுகட்டும்.

கணக்குப் போடுவோம். ஒரு லிட்டர் பெட்ரோல் முக்கால் கிலோவுக்குச் சற்றுக் குறைவாக இருக்கும். அதில் சுமார் 640 கிராம் கரி. எரியும்போது கரியின் ஒவ்வோர் அணுவும் காற்றிலிருந்து இரண்டு ஆக்சிஜன் அணுக்களைப் பிடித்துக்கொள்கிறது. 12 எடையுள்ள கரியணு 44 எடையுள்ள மூலக்கூறாகிறது. ஆகவே முக்கால் கிலோ பெட்ரோலை எரித்தால் சுமார் 2.3 கிலோ கரியமில வாயு. போட்டதைவிட வந்தது மூன்று மடங்கு எடை என்பது பலருக்கு வியப்பாக இருக்கும். கூடுதல் எடை காற்றுடையது. ஒரு டன் வாயு சேர வேண்டுமானால் சுமார் 435 லிட்டர் எரிய வேண்டும். லிட்டருக்கு ஒரு சென்ட் வீதம் அதற்கு வசூலாவது நாலே கால் யூரோவுக்குச் சற்று அதிகம். அதே 2019இல் ஐரோப்பிய ஒன்றியத்தின் கார்பன் சந்தையில் ஒரு டன் வெளியிடும் உரிமைக்குத் தொழிற்சாலைகள் சுமார் 25 யூரோ கொடுத்துக்கொண்டிருந்தன. ஆறில் ஒரு பங்கு விலையில் பாவம் தீர்கிறது என்றால், எதைக் கொண்டு தீர்க்கிறார்கள் என்று பார்க்கத்தானே வேண்டும்?

காட்டைக் காத்ததற்கான கார்பன் வரவு எப்படி உருவாகிறது? இந்தத் திட்டம் இல்லாதிருந்தால் இத்தனை ஹெக்டேர் காடு அழிந்திருக்கும் என்று ஒரு மதிப்பீடு போடுவார்கள். உண்மையில் அழிந்தது இவ்வளவுதான் என்று பிறகு அளப்பார்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் வரவாகி விற்பனைக்கு வருகிறது. அளப்பதைச் செயற்கைக்கோள் பார்த்துக்கொள்ளும். நடக்காத ஒன்றை யார் அளப்பது? அந்த முதல் எண் எவ்வளவு பெரிதோ அவ்வளவு வரவு. அந்த எண்ணைப் போடுவோரோ வரவை விற்பவர்கள். அப்படி வரவு விற்ற பெருவின் கார்டில்லெரா அசூல் காடு 2001இலேயே தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டுவிட்டது. கார்பன் திட்டம் அதற்குப் பிறகு வந்தது. சட்டம் ஏற்கெனவே காத்த காட்டைத் திட்டம் வந்து எவ்வளவு கூடுதலாகக் காத்தது என்பது இன்றும் ஓயாத சர்ச்சை. அங்கு பரம்பரையாக வாழும் கிச்வா மக்கள் தங்களைக் கேட்காமலே எல்லாம் நடந்ததாகச் சொல்கிறார்கள். 2023இல் சயன்ஸ் இதழில் வந்த ஆய்வு ஒன்று, ஆறு நாடுகளில் 26 வனப் பாதுகாப்புத் திட்டங்களை, அதே போன்ற ஆனால் திட்டமில்லாத காடுகளோடு ஒப்பிட்டுப் பார்த்தது. பெரும்பாலான திட்டங்கள் காடழிப்பைக் கணிசமாகக் குறைக்கவில்லை. குறைத்தவையும் தாம் சொல்லிக்கொண்ட அளவுக்குக் குறைக்கவில்லை.

மதிப்பீடு நேர்மையாகவே இருந்தாலும் கால வித்தியாசம் ஒன்று இருக்கிறது. பெட்ரோல் புகையின் ஒரு பகுதி ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் காற்றில் இருக்கும். மரம் நூறாண்டு நின்றால் பெரிது. இடையில் காட்டுத்தீ வரலாம், ஆட்சி மாறலாம், கோடரி வரலாம். நிலத்தடிக் கரியை வெளியே எடுத்துவிட்டு மரத்துக் கரியால் ஈடுகட்டுவது இயற்பியல்படி சமனாகாது. ஆம்ஸ்டர்டாமின் சட்ட மாணவர்கள் சிலர் நெதர்லாந்தின் விளம்பர நெறிக் குழுவிடம் போனார்கள். புகை முழுவதும் ஈடாகிறது என்பதை நிறுவனத்தால் நிரூபிக்க முடியவில்லை என்று 2021இல் குழு சொன்னது. மாணவர்கள் வீதியில் இறங்கவில்லை, எதிலும் ஏறவில்லை. ஒரு மனு எழுதினார்கள்.

அடுத்தது அடர்த்திக் கணக்கு. இதுதான் ஆகக் கெட்டிக்காரத்தனம். 2021 பிப்ரவரியில் ஷெல் ஓர் இலக்கு வைத்தது: கார்பன் அடர்த்தியை 2030க்குள் 20 விழுக்காடும், 2035க்குள் 45 விழுக்காடும், 2050க்குள் நூறு விழுக்காடும் குறைப்போம். அடர்த்தி என்றால் விற்கும் ஆற்றலின் ஒவ்வோர் அலகுக்கும் எத்தனை கிராம் வாயு என்ற கணக்கு. கற்பனையாக ஒரு நிறுவனம் 100 அலகு எண்ணெய் விற்கிறது, அலகுக்கு 80 கிராம் என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 8,000 கிராம். இப்போது அது யாரோ உற்பத்தி செய்த காற்றாலை மின்சாரம் 25 அலகை வாங்கி விற்கத் தொடங்குகிறது. எண்ணெய் ஒரு சொட்டும் குறையவில்லை. மொத்த வாயு அதே 8,000. ஆனால் விற்ற அலகுகள் 125. வகுத்தால் அலகுக்கு 64 கிராம். அடர்த்தி 20 விழுக்காடு குறைந்துவிட்டது! பாலில் தண்ணீர் விட்டால் அடர்த்தி குறையும், பால் குறையுமா? வளிமண்டலத்துக்குக் கிராம் மட்டுமே தெரியும், விழுக்காடு தெரியாது. முன்பு பகுதியை மறைத்தார்கள் என்றால், இங்கே பகுதியை ஊதிப் பெருக்குகிறார்கள்.

முதலீட்டுக் கணக்கிலும் இதே வேலை. ஷெல் தன் செலவில் 12 விழுக்காட்டைப் புதுப்பிக்கத்தக்க ஆற்றலும் ஆற்றல் தீர்வுகளும் என்ற தலைப்பில் காட்டியது. அந்தப் பெட்டிக்குள் இயற்கை எரிவாயு வணிகமும் இருக்கிறது, சூரிய ஒளிக்கும் காற்றுக்கும் போனது 1.5 விழுக்காடுதான் என்று குளோபல் விட்னஸ் அமைப்பு 2023 பிப்ரவரியில் அமெரிக்கப் பங்குச் சந்தை ஒழுங்குமுறை ஆணையத்திடம் புகார் கொடுத்தது.

எரிவாயுவைப் பசுமைப் பெட்டியில் வைக்கும் துணிச்சல் எங்கிருந்து வருகிறது? மின்நிலையத்தில் எரிக்கும்போது நிலக்கரியில் வருவதில் ஏறத்தாழப் பாதி வாயுதான் அதில் வருகிறது. இது மெய். ஆனால் இயற்கை எரிவாயு என்பது பெரும்பகுதி மீத்தேன். எரியாமல் கசிந்தால் முதல் இருபது ஆண்டுகளில் கரியமில வாயுவைப்போல் 80 மடங்கு வெப்பத்தைப் பிடித்துவைக்கும். கிணற்றிலிருந்து அடுப்புவரை நூற்றுக்குச் சுமார் மூன்று பங்கு கசிந்தால் நிலக்கரியைவிட நல்லது என்ற வாதம் உடனடிக் காலத்துக்குச் செல்லாது என்று 2012இல் அமெரிக்க ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள். அமெரிக்க எண்ணெய், எரிவாயுத் தொழிலில் 2.3 விழுக்காடு கசிகிறது என்று 2018இல் அளவீடு வந்தது; அரசின் கணக்கைவிட மிக அதிகம். நூலிழையில் நிற்கும் ஒரு நன்மை அது.

புகார் மனு மட்டும் போதாது என்பதற்கும் ஷெல்லே சான்று. பூ விளம்பரம் கண்டிக்கப்பட்டு பதினைந்து ஆண்டுகளுக்கு மேல் கழிந்து, 2023 ஜூனில் அதே பிரிட்டிஷ் ஆணையம் ஷெல்லின் விளம்பரங்களை மறுபடி தடை செய்தது. பிரிஸ்டல் நகரச் சுவரொட்டியிலும் தொலைக்காட்சியிலும் தூய ஆற்றலைப் பற்றி மட்டும் பேசிவிட்டு, நிறுவனத்தின் வணிகத்தில் மிகப் பெரும்பகுதி எண்ணெயும் எரிவாயுவும்தான் என்பதை விட்டுவிட்டார்கள் என்பது குற்றம். அதே குற்றம்! இந்த ஆணையம் அபராதம் விதிப்பதில்லை. மீண்டும் இப்படிப் போடாதே என்று சொல்லும். தீர்ப்பு வருவதற்குள் பிரச்சாரம் அதன் வேலையை முடித்துக்கொண்டு போயிருக்கும்.

ஆகவே சிலர் வேறு வாசலைத் தட்டினார்கள். எண்ணெய் நிறுவனத்துக்கு நல்ல பெயர் எங்கிருந்து கிடைக்கிறது? குழந்தைகளிடமிருந்து, கலையிலிருந்து, அறிவியலிலிருந்து. லெகோ பொம்மைப் பெட்டிகளில் பல காலம் ஷெல் சின்னம் இருந்தது. ஆர்க்டிக்கில் எண்ணெய் தோண்ட ஷெல் முயன்றுகொண்டிருந்த 2014இல், லெகோ துண்டுகளால் கட்டிய பனி உலகம் கறுப்பு எண்ணெயில் மெல்ல மூழ்குவதாக கிரீன்பீஸ் ஒரு காணொளி எடுத்தது. அக்டோபரில் லெகோ ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க மாட்டோம் என்றது. மறு ஆண்டு சியாட்டில் துறைமுகத்தில் நூற்றுக்கணக்கானவர்கள் சிறு துடுப்புப் படகுகளில் ஷெல்லின் துளையிடும் மேடையைச் சூழ்ந்தார்கள். 2015 செப்டம்பரில், சுமார் 700 கோடி டாலர் செலவழித்த பிறகு, ஆர்க்டிக்கை விட்டு ஷெல் வெளியேறியது. கிணற்றில் போதிய எண்ணெய் கிடைக்காததும் விலை சரிந்ததும் முக்கியக் காரணங்கள். படகுகளே விரட்டின என்று சொல்வது மிகை. படகுகளுக்குப் பங்கே இல்லை என்பதும் நம்பும்படி இல்லை.

2018இல் ஆம்ஸ்டர்டாமின் வான்கோ அருங்காட்சியகம் ஷெல்லுடனான உறவை முடித்துக்கொண்டது. லண்டன் அறிவியல் அருங்காட்சியகம் முடித்துக்கொள்ளவில்லை. 2021இல் அங்கே காற்றிலிருந்து கார்பனைப் பிடிக்கும் தொழில்நுட்பங்கள் பற்றிய கண்காட்சி, புரவலர் ஷெல். புரவலரின் நற்பெயருக்குக் குந்தகம் வரும்படி பேசமாட்டோம் என்ற நிபந்தனை ஒப்பந்தத்தில் இருந்தது பிறகு வெளியே வந்தது. அதே அருங்காட்சியகத்தின் முன்னாள் இயக்குநரும் காலநிலை அறிவியலாளருமான கிரிஸ் ராப்லி ஆலோசனைக் குழுவிலிருந்து விலகினார். அறிவியலைக் காட்டும் இடத்தில் வாய்ப்பூட்டு போட்டது எனக்கு மற்றெல்லாவற்றையும்விட அருவருப்பாகப் படுகிறது.

நீதிமன்றத்துக்கு வருவோம். 1965இல் நெதர்லாந்து உச்ச நீதிமன்றம் ஒரு சின்ன வழக்கைத் தீர்த்தது. ஆம்ஸ்டர்டாம் காப்பிக்கடை ஒன்றில் கோகோ கோலா இறக்க வந்த ஊழியர் நிலவறையின் மூடியைத் திறந்துவைத்திருந்தார். கழிப்பறைக்குப் போன வாடிக்கையாளர் அதில் விழுந்தார். பார்த்து நடந்திருக்க வேண்டும் என்றது நிறுவனம். ஆட்கள் பார்க்காமல் நடப்பார்கள் என்பது தெரிந்ததே, ஆபத்து பெரிது, மூடிவைக்க ஆகும் செலவோ சொற்பம், ஆகவே திறந்துவைத்தவர் பொறுப்பு என்றது நீதிமன்றம். வழக்கறிஞர் ரோஜர் காக்ஸ் இந்தத் தர்க்கத்தைக் காலநிலைக்குக் கொண்டுவந்தார். ஆபத்து தெரிந்திருந்தது (1988 அறிக்கையை நினைத்துக்கொள்ளுங்கள்), தடுக்க வழி இருந்தது, திறந்தே விட்டீர்கள்.

மில்யூடெஃபென்சி என்ற அமைப்பும் 17,000க்கும் மேற்பட்ட குடிமக்களும் 2019இல் தொடுத்த வழக்கில் 2021 மே 26 அன்று தி ஹேக் மாவட்ட நீதிமன்றம் தீர்ப்பளித்தது: 2019இன் அளவோடு ஒப்பிட்டு 2030க்குள் ஷெல் தன் நிகர உமிழ்வை 45 விழுக்காடு குறைக்க வேண்டும். அடர்த்தியை அல்ல, மொத்த டன்னை. மூன்றாம் வகையையும் சேர்த்து. முதன்முறையாக ஒரு நீதிமன்றம் கோட்டுக்கு மேலும் கீழும் எதை எழுத வேண்டும் என்பதை எண்ணெய் நிறுவனத்தின் கையிலிருந்து எடுத்துக்கொண்டது. சில மாதங்களில் ஷெல் தலைமையகத்தை லண்டனுக்கு மாற்றுவதாக அறிவித்து, பெயரிலிருந்த ராயல் டச்சு என்ற பகுதியையும் உதிர்த்தது. வரியும் பங்கு அமைப்பும்தான் காரணம் என்று விளக்கம் சொன்னது.

2024 நவம்பர் 12 அன்று மேல்முறையீட்டு நீதிமன்றம் 45 விழுக்காடு ஆணையை ரத்து செய்தது. பத்திரிகைகள் ஷெல்லின் வெற்றி என்று எழுதின. தீர்ப்பு அவ்வளவு எளிதல்ல. உமிழ்வைக் குறைக்கும் கடமை ஷெல்லுக்கு உண்டு, புதிய எண்ணெய், எரிவாயு வயல்களில் முதலீடு செய்வது பாரிஸ் காலநிலை ஒப்பந்தத்தோடு முரண்படக்கூடும் என்றெல்லாம் அது சொன்னது. உலகம் முழுவதும் இத்தனை விழுக்காடு குறைய வேண்டும் என்று அறிவியல் சொல்கிறது. தனி ஒரு நிறுவனம் எத்தனை என்று சொல்லவில்லை. அதனால் குறிப்பிட்ட எண்ணை விதிக்க முடியாது என்றது. கசப்பாக இருந்தாலும் இந்த இடத்தில் நீதிமன்றத்தோடு எனக்கு முழுச் சண்டை இல்லை. ஐ.நா.வின் காலநிலை அறிவியல் குழு தருவது உலக வரவுசெலவு. அதை நாடுகளுக்கும் தொழில்களுக்கும் நிறுவனங்களுக்கும் பங்கிடுவது நீதியைப் பற்றிய கேள்வி. சமன்பாட்டில் விடை வராது. ஆனால் ஷெல் விற்காவிட்டால் வேறொருவர் விற்பார் என்ற வாதத்துக்கும் தீர்ப்பில் இடம் கிடைத்ததுதான் நெருடுகிறது. நிலவறை மூடியை நான் திறக்காவிட்டால் வேறொருவர் திறந்திருப்பார் என்று 1965இல் சொல்லியிருந்தால் எடுபட்டிருக்குமா? மில்யூடெஃபென்சி 2025இல் வழக்கை உச்ச நீதிமன்றத்துக்குக் கொண்டுபோனது.

இதற்கிடையில் 2022இல் ஷெல் சுமார் 4,000 கோடி டாலர் லாபம் ஈட்டியது. நூறாண்டுக்கும் மேற்பட்ட அதன் வரலாற்றில் இதுவே மிக அதிகம். 2024 மார்ச்சில் 2030க்கான அடர்த்தி இலக்கை 20 விழுக்காட்டிலிருந்து, 15 முதல் 20 விழுக்காடு வரை என்று தளர்த்தியது. 2035க்கான 45 விழுக்காட்டை முற்றாகக் கைவிட்டது. தண்ணீர் விட்டாவது அடைந்திருக்கக்கூடிய இலக்கு. 2023இல் தன் எண்ணெய் மேடை ஒன்று கடலில் கொண்டுசெல்லப்பட்டபோது அதில் ஏறிய கிரீன்பீஸ் ஆட்கள்மீது நட்டஈட்டு வழக்குப் போட்டது. அடுத்த ஆண்டு டிசம்பரில், குற்றத்தை ஏற்காமல் கடல்மீட்புத் தொண்டு நிறுவனத்துக்கு 3 லட்சம் பவுண்டு கொடுக்கவும், ஷெல்லின் நான்கு இடங்களின் பக்கம் சில காலம் போகாதிருக்கவும் கிரீன்பீஸ் சம்மதித்தது.

ஷெல்லைப் பற்றி எழுதியதால் மற்றவர்கள் யோக்கியர்கள் என்று பொருளில்லை. 2023 ஜூனில் பிரிட்டிஷ் ஆணையம் ஷெல்லின் விளம்பரங்களைத் தடை செய்த அதே நாளில் ரெப்சால், பெட்ரோனாஸ் ஆகிய எண்ணெய் நிறுவனங்களின் விளம்பரங்களும் தடையாயின. இந்தியாவில் சிமெண்ட் முதல் விமானம் வரை பச்சை இலை ஒட்டாத விளம்பரம் இன்று அரிது. இங்கே இப்போது அதற்கு விதி இருக்கிறது. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2024 அக்டோபரில் வெளியிட்ட வழிகாட்டு நெறிகளின்படி, பசுமையானது, சூழலுக்கு உகந்தது, கார்பன் சமன் என்றெல்லாம் போடும் நிறுவனம் அதற்கான ஆதாரத்தைக் காட்ட வேண்டும். எதிர்காலத்தில் உமிழ்வைப் பூஜ்யமாக்குவோம் என்று சொன்னால், நிறைவேற்றும் திட்டம் கையில் இருக்க வேண்டும். விதி தானாக வேலை செய்யாது. யாராவது கேட்க வேண்டும். நாளிதழில் பச்சை இலையோடு ஒரு விழுக்காட்டைக் கண்டால் எத்தனையில், எந்த ஆண்டோடு ஒப்பிட்டு, மொத்தமா அடர்த்தியா என்று அந்த நிறுவனத்துக்கே எழுதிக் கேளுங்கள். பதில் வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி மையத்தின் எண் 1915. தமிழிலேயே பேசலாம்.